திறப்பு விழாவுக்கு முன் ஒரு குளவிக்கொட்டு: மலையக ஆஸ்பத்திரி ஒன்றின் ஊழியர்கள் ஆயத்தமான விதம்

இலங்கை மலையகத்தில் புதிய ஆஸ்பத்திரிக் கட்டடம் அடிக்கடி கிடைக்கிற ஒன்று இல்லை. இந்திய உதவியில் 150 கட்டில்களுடன் கட்டப்பட்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலையை 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். நெதர்லாந்து உதவியில் எழுந்த நுவரெலியா மாவட்ட பொது வைத்தியசாலையின் புதிய கட்டடம் 2019இல் திறக்கப்பட்டது. இப்படியான திறப்புகளின்போது கட்டில் எண்ணிக்கை, செலவு, வந்த பிரமுகர்கள் எல்லாம் செய்தியாகிவிடும். உள்ளே வேலை செய்யப்போகிறவர்கள் அந்தக் கட்டடத்துக்கு எப்படிப் பழகினார்கள் என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. அதனால் அடுத்த கட்டடத்துக்குப் போகிறவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

இங்கே நான் எழுதுவது அந்த இரண்டைப் பற்றியும் அல்ல. கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேலே, நாலு பக்கமும் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த, பெயர் குறிப்பிடாத இன்னொரு ஆதார வைத்தியசாலையைப் பற்றியது. பழைய கட்டடம் ஒரே தளம். நீண்ட நடைபாதை, இரு பக்கமும் வாட்டுகள். புதியது மாடிக் கட்டடம். கீழே அவசர சிகிச்சைப் பிரிவும் வெளிநோயாளர் பிரிவும், அதற்கு மேலே பிரசவ அறையும் சத்திரசிகிச்சைத் தியேட்டரும், அதற்கும் மேலே வாட்டுகள். தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதிய உத்தியோகத்தராக நானும் ஆயத்தக் குழுவில் இருந்தேன்.

எங்களுக்குக் கிடைத்த முக்கியமான பாடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிருக்குப் போராடும் நோயாளி வந்து சேரும் முதல் பத்து நிமிடம் டொக்டர் கையிலோ, மிஸ் என்று அழைக்கப்படும் தாதி கையிலோ இல்லை. வாசலில் நிற்கும் காவலாளி, தொலைபேசி இணைப்பாளர், ட்ரொலி தள்ளும் சிற்றூழியர், தோட்டத்து லொறி ஓட்டுநர் ஆகியோர் கையில்தான் அது இருக்கிறது. பயிற்சிப் பட்டியலில் இவர்கள் யாருமே இல்லை.

முதலில் போட்ட திட்டம்

வழக்கமான திட்டம்தான். இயந்திரங்களைக் கொடுத்த கம்பனிகளின் பொறியியலாளர்கள் வந்து மொனிட்டர், வென்டிலேட்டர், கிருமி நீக்கும் ஓட்டோகிளேவ் எல்லாவற்றையும் விளக்குவார்கள். தீயணைப்புப் பயிற்சி ஒன்று இருக்கும். வைத்தியர்களும் தாதியரும் விரிவுரை மண்டபத்தில் உட்கார்ந்து கேட்டு, வருகைப் பதிவில் கையெழுத்திட்டுப் போவார்கள். இதெல்லாம் தேவைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வென்டிலேட்டரை இயக்கத் தெரிந்த தாதிக்கு, இரவு மூன்று மணிக்கு அதை எந்த லிஃப்ட்டில் ஏற்றி எந்தக் கதவு வழியாகக் கொண்டுபோவது என்று மண்டபத்தில் உட்கார்ந்து தெரிந்துவிடாது.

வெளிநாடுகளில் இதற்கென்று ஒரு வழக்கம் வளர்ந்திருக்கிறது. கட்டடம் முடிந்ததும், உண்மையான நோயாளி வருவதற்கு முன்பே, நடிக்கும் நோயாளிகளை வைத்து அதே இடத்தில், அதே ஊழியர்களோடு, அதே உபகரணங்களோடு ஒத்திகை பார்ப்பார்கள். யார் கெட்டிக்காரர் என்று மதிப்பெண் போடுவதற்காக அல்ல. கட்டடத்திலும் ஒழுங்குமுறையிலும் மறைந்து கிடக்கும் ஆபத்துகளை முன்கூட்டியே வெளியே கொண்டுவருவதற்காக. ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் கட்டிய புதிய சிறுவர் வைத்தியசாலைக்கு 2019 ஜூலையில் நோயாளிகளை மாற்ற எல்லாம் தயாராக இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மணித்தியாலத்துக்கு 10 தடவை காற்று மாற வேண்டும். மாறியதோ 4 தடவைதான் என்று கடைசி நேரத்தில் தெரியவந்தது. மாறுவதற்குச் சில நாட்களே இருந்தபோது அரசாங்கம் நிறுத்திவிட்டது. 2021இல்தான் முழுமையாக மாற முடிந்தது. பணமும் தொழில்நுட்பமும் உள்ள நாட்டிலேயே அப்படி என்றால், நாங்கள் எதையும் சோதிக்காமல் நாடா வெட்டுவது எப்படிச் சரியாகும்? வைத்திய அத்தியட்சகரிடம் இதைத்தான் எடுத்துச் சொன்னோம். அவர் ஒப்புக்கொண்டார்.

ஏன் குளவி?

ஒத்திகைக்கு எந்த நோயைத் தெரிவு செய்வது என்பதில் பேச்சு கொஞ்சம் நீண்டது. மாரடைப்பு என்றார்கள், பஸ் விபத்து என்றார்கள். எங்கள் மூத்த சிற்றூழியர் ஒருவர்தான், "மிஸ், நம்ம ஆஸ்பத்திரியை ஆட்டிப்பாக்குறது குளவிதான். அதை வச்சுப் பாருங்க" என்றார். அவர் சொன்னது சரி. கொழுந்து மலையில் கூடு கலைந்தால் ஒருவரோ இருவரோ அல்ல, ஒரு கூட்டமாகவே பெண்கள் வந்து இறங்குவார்கள். யாருக்கு வெறும் வீக்கம், யாருக்கு மூச்சு அடைக்கப்போகிறது என்று சில நிமிடங்களில் பிரித்தறிய வேண்டும். தடுமாறினால் உயிர் போகும்.

பக்கத்துத் தோட்ட நிர்வாகத்திடம் பேசி ஒரு கொழுந்து லொறியைக் கேட்டு வாங்கினோம். தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பராமரிக்கும் பிள்ளை மடுவத்தில் வேலை செய்யும் பெண்களும் ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் சிலரும் நோயாளிகளாக நடிக்க வந்தார்கள். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தோம்: ஒருவருக்கு உதடு வீக்கம், ஒருவர் ஆறு மாதக் கர்ப்பிணி, ஒருவருக்கு மூச்சு வாங்கித் தலை சுற்றுகிறது. தோட்ட மருந்தகத்தின் வைத்திய உதவியாளர் வழக்கம்போல் முதலில் தொலைபேசியில் தகவல் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. ஆஸ்பத்திரிக்கு நாள் மட்டும் தெரியும், நேரம் தெரியாது.

முதல் தடங்கல் அந்த அழைப்பிலேயே வந்தது. புதிய கட்டடத்தின் உள் இணைப்பு எண்கள் எல்லாம் மாறியிருந்தன. தோட்டங்களின் கையில் இருந்ததோ பழைய எண். அழைப்பு எப்படியோ தொலைபேசி இணைப்பாளரிடம் வந்தபோது, யாருக்கு முதலில் சொல்வது என்று அவருக்கு யாரும் சொல்லிவைத்திருக்கவில்லை. வைத்தியர்களின் வட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அவசர சிகிச்சைப் பிரிவின் தடித்த சுவர்களுக்குள் கைத்தொலைபேசிக்கு சிக்னலே கிடைக்கவில்லை.

அடுத்தது லொறி. புதிய வாசலின் மேற்கூரை அம்புலன்ஸ் உயரத்துக்குக் கட்டப்பட்டது. லொறி அதன் கீழே நுழையவில்லை. பெண்களை வெளியே இறக்கி, தூறலில் நடத்திக் கூட்டிவர வேண்டியதாயிற்று. இதை வெறும் வசதிக் குறைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கடுமையான ஒவ்வாமையில் இரத்த அழுத்தம் விழுந்த ஒருவரை எழுப்பி நிற்க வைத்தாலே இதயம் நின்றுபோகக்கூடும். படுக்க வைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். கர்ப்பிணியை இடப்பக்கம் சரித்துப் படுக்க வைக்க வேண்டும். பழைய கட்டடத்தில் லொறி பின்பக்கமாக வராந்தா வரை வந்து ஒட்டி நிற்கும். வராந்தாவின் திண்ணையும் லொறித் தட்டும் ஏறக்குறைய ஒரே உயரம், அப்படியே ட்ரொலிக்கு மாற்றிவிடலாம். அது எந்த வரைபடத்திலும் இல்லாத வசதி. அங்கே வேலை செய்த சிற்றூழியர்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது, அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

பிறகு பதிவு. கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் அடையாள அட்டையை மலைக்குக் கொண்டுபோவதில்லை. ஒரே பிரிவில் ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். பெயர், தோட்டம், தகப்பன் பெயர் என்று கேட்டு எழுதும் வரை, சிகிச்சைக் குறிப்புகளை எழுதும் பெட் டிக்கெட் போடப்படவில்லை. அது இல்லாமல் மருந்து எழுத வைத்தியர் தயங்கினார்.

கடும் ஒவ்வாமைக்கு முதலில் போடும் மருந்தான அட்ரினலின் அவசர ட்ரொலியில்தான் இருந்தது. ட்ரொலி இருந்தது உள் அறையில், சாவி தாதிய சகோதரியிடம். பெரியவருக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில் ஊசி, தேவைப்பட்டால் ஐந்து நிமிடத்தில் மறுபடி. இதைச் சொல்லத் தெரியாத தாதி எங்களிடம் ஒருவரும் இல்லை. ஆனால் ஊசி மருந்து கைக்கு வருவதற்குள் உதடு வீங்கியவராக நடித்த அம்மா, "மிஸ், நான் இந்நேரம் செத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதை அப்படியே அறிக்கையில் எழுதினோம்.

மொழி விஷயமும் அன்று வெளிப்பட்டது. வந்த பெண்களுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். யாரை முதலில் பார்ப்பது என்று நோயாளிகளை வரிசைப்படுத்தும் இடத்தில் நின்ற தாதி தென் பகுதியிலிருந்து நியமனம் பெற்று வந்தவர். அக்கறையானவர், தமிழ் கொஞ்சம்தான் புரியும். பழைய கட்டடத்தில் பக்கத்தில் நிற்கும் சிற்றூழியப் பெண் மொழிபெயர்த்துவிடுவார். புதிய கட்டடத்தில் அவர் ட்ரொலியோடு லிஃப்ட்டுக்குப் போயிருந்தார். அரச ஊழியர்கள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை சொல்கிறது. சான்றிதழ் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். மூச்சுத் திணறுகிற ஒருவரிடம் கேட்க வேண்டிய நாலு கேள்வியை அவசரத்தில் கேட்டுப் பழகியவர்கள் குறைவு.

லிஃப்ட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பழைய ட்ரொலி அதில் நுழையவில்லை. புது ட்ரொலிகள் வந்த பெட்டிகள் இன்னும் பிரிக்கப்படாமல் களஞ்சியத்தில் கிடந்தன.

பேசும் ஒழுங்கு

ஒத்திகை முடிந்த கையோடு எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். இந்தக் கூட்டத்துக்கு ஒரு விதி வைத்தோம்: பதவியில் கீழே உள்ளவர் முதலில் பேசுவார், வைத்திய அத்தியட்சகர் கடைசியில். நம் ஆஸ்பத்திரிகளில் ஒரு டொக்டர் கருத்துச் சொன்ன பிறகு சிற்றூழியர் எழுந்து மறுத்துப் பேச மாட்டார், அது வளர்ந்த பழக்கம். ஆகவே வரிசையை மாற்றினால்தான் உண்மை வெளிவரும். முதலில் காவலாளி பேசினார். கண்ணாடிக் கதவு அட்டை காட்டினால்தான் திறக்கும் என்றும், தனக்கு அட்டை தரப்படவில்லை என்றும் சொன்னார். வைத்திய அத்தியட்சகர் குறிப்புப் புத்தகத்தை எடுத்துத் தன் கையாலேயே அதை எழுதிக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு மற்றவர்களும் வாய் திறந்தார்கள். குளவிகள் இடுப்பில் கட்டும் படங்கிலும் தலைத்துணியிலும் ஒட்டிக்கொண்டு உள்ளேயே வந்துவிடும், வாசலிலேயே அவற்றைக் கழற்றி வாங்கிப் பையில் கட்ட வேண்டும் என்று ஒரு சிற்றூழியப் பெண் சொன்னார். புத்தகத்தில் நான் படிக்காத விஷயம் அது.

திருத்தங்கள் பெரும்பாலும் செலவில்லாதவை. தொலைபேசி இணைப்பாளருக்கு ஒரே ஒரு தாள்: எந்தச் செய்தி வந்தால் யாருக்கு, எந்த வரிசையில். அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு அழைப்பு மணி. லொறிகளுக்குப் பக்கவாட்டு வாசல் ஒதுக்கப்பட்டது. தட்டின் உயரத்துக்குச் சக்கரம் பூட்டிய மரமேடை ஒன்றைத் தச்சுப் பிரிவினர் செய்து கொடுத்தார்கள். பெயர் கேட்பதற்கு முன்பே இலக்கமிட்ட கைப்பட்டியைக் கட்டுவது, அந்த இலக்கத்தில் மருந்து எழுதுவது, பெயரைப் பிறகு சேர்ப்பது என்று முடிவாயிற்று. வரிசைப்படுத்தும் மேசையில் பூட்டில்லாத தட்டில் அட்ரினலினும் ஊசியும். ஒவ்வொரு பணிமுறை மாற்றத்திலும் எண்ணிக் கையெழுத்து. தமிழ் தெரிந்த ஒருவர் அந்த மேசையை விட்டு நகரக்கூடாது என்பதைப் பணிப்பட்டியலிலேயே எழுதினோம். மற்றத் தாதியருக்கு அந்த நாலு கேள்வியையும் சிற்றூழியர்கள்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

அப்புறம் இரவிலும் ஒருமுறை நடத்தினோம். ஆட்கள் பாதியாக இருக்கும் நேரத்தில் என்ன நிற்கும், என்ன விழும் என்பது பகலில் தெரியாது. இரவில் கூடுதலாகத் தெரிந்தது கண்காணிப்புப் பற்றியது. ஒவ்வாமை அடங்கிய பிறகு சில மணித்தியாலங்கள் கழித்து மறுபடி தலைதூக்கலாம். நிறையக் கொட்டு வாங்கியவருக்குச் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம், சிறுநீரின் அளவையும் நிறத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இத்தனை பேரை எந்த வாட்டில், யார் பார்ப்பது என்பதற்கு அப்போதுதான் பதில் தேடினோம்.

பிரசவ அறையின் குளிர்

பழைய பிரசவ அறை சின்னது, நெரிசலானது, அதனாலேயே கதகதப்பானது. புதியது விசாலம், சுவர் முழுக்க டைல்ஸ், மேலே காற்றுத் திறப்புகள். மலைநாட்டுத் தை மாத விடியற்காலையில் அந்த அறைக்குள் வெப்பமானியோடு போய் நின்று பார்த்தபோது எங்களுக்கே நடுக்கம் எடுத்தது. பிரசவ அறை குறைந்தது 25 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நனைந்த உடம்போடு பிறக்கும் குழந்தை வெகு வேகமாகச் சூட்டை இழக்கும், எடை குறைந்த குழந்தை என்றால் இன்னும் மோசம். எடை குறைந்து பிறப்பது தோட்டப்புறங்களில் நாங்கள் அடிக்கடி காண்பது.

பொம்மைக் குழந்தையை வைத்து ஒத்திகை பார்த்தோம். ஹீட்டரை எப்போது போடுவது என்று யாருக்கும் பொறுப்பு கொடுக்கப்படவில்லை. பிரசவம் நெருங்கிய பிறகு போட்டால் அந்தப் பெரிய அறை சூடாவதற்குள் குழந்தை பிறந்துவிடும். கர்ப்பிணி வாட்டிலிருந்து கிளம்பும்போதே ஹீட்டர் போடப்பட வேண்டும், அதைச் செய்பவர் அந்தப் பணிமுறைக்குரிய சிற்றூழியர் என்று முடிவு செய்து வெள்ளைப் பலகையில் பெயர் எழுதும் பழக்கத்தைக் கொண்டுவந்தோம். திறப்புகளுக்கு மூடி போட்டார்கள். துடைத்த குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்துப் போர்த்துவதை எல்லோரும் கைப்பழக்கமாகச் செய்து பார்த்தோம்.

அதே தளத்தில் குருதிப்பெருக்கு ஒத்திகையின்போது திட்டமிட்டு மின்சாரத்தை நிறுத்தினோம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டைக் கண்ட நாடு இது. ஜெனரேட்டர் இருக்கிறது என்ற பேச்சில் மட்டும் நாங்கள் திருப்தியடையத் தயாராக இல்லை. ஜெனரேட்டர் ஒழுங்காகவே எழுந்தது. ஆனால் ஒட்சிட்டோசின் வைத்திருந்த குளிர்சாதனப் பெட்டி ஜெனரேட்டர் இணைப்பில்லாத சாதாரணப் பிளக்கில் மாட்டப்பட்டிருந்தது. பிரசவத்துக்குப் பின் இரத்தம் பெருகும்போது முதலில் எடுக்கிற மருந்து அது. 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டியது. நீண்ட மின்வெட்டில் வீரியம் குறைந்துபோயிருக்கும், குப்பியைப் பார்த்தால் வித்தியாசம் எதுவும் தெரியாது. அன்றே இடம் மாற்றி, ஜெனரேட்டர் பிளக்குகளுக்கு எல்லாத் தளத்திலும் சிவப்பு அடையாளம் ஒட்டினோம். இரத்தப்போக்கைக் குறைக்க மூன்று மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டிய ட்ரனெக்சாமிக் அமிலம் 1 கிராமையும் அதே குளிர்சாதனப் பெட்டியின் மேலே கைக்கெட்டும்படி வைத்தோம்.

ஓட்டோகிளேவ்

இது என் பிரிவு என்பதால் இதில் கூடுதல் கவனம் வைத்தேன். புதிய பெரிய இயந்திரம் வெப்பநிலையை அளந்து தானே இயங்கும். சிக்கல் வாட்டுகளுக்கும் பல் சிகிச்சைப் பிரிவுக்கும் கொடுத்த சிறிய இயந்திரங்களில்தான். அவற்றில் ஊழியர் பார்ப்பது அமுக்க முள்ளை. கடல் மட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அமுக்கம் என்றால் நீராவி 121 பாகை. மேலே ஏற ஏற வளிமண்டல அமுக்கம் குறைவதால் முள் 15இல் நின்றாலும் உள்ளே 121 இருக்காது. ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய அரை இறாத்தல் கூட்ட வேண்டும். எங்கள் உயரத்தில் முள் 17ஐத் தொட வேண்டும், நுவரெலியா நகரின் உயரத்தில் 18. சமவெளியில் பயிற்சி பெற்று வந்தவர்களுக்கு 15 என்பது மனப்பாடம். கம்பனிக் கையேட்டிலும் அதுதான் அச்சிட்டிருந்தது. முள்ளின் கண்ணாடியில் சிவப்புக் கோடு போட்டோம். வெப்பத்தைத் தாங்கும் பக்டீரிய வித்திகள் உள்ள சோதனைக் குழாய்களை ஒவ்வொரு இயந்திரத்திலும் வைத்துப் பார்த்து, வித்திகள் செத்தன என்று உறுதியான பிறகுதான் அவற்றைப் பாவனைக்கு விட்டோம்.

மாறிய நாட்கள்

நோயாளிகளை மாற்றியது எதிர்பார்த்ததை விட அமைதியாக நடந்தது. முன்கூட்டியே அவசரமில்லாத சத்திரசிகிச்சைகளைத் தள்ளிவைத்து, வீட்டுக்குப் போகக் கூடியவர்களை அனுப்பிக் கட்டில்களைக் குறைத்திருந்தோம். பழைய அவசர சிகிச்சைப் பிரிவை உடனே மூடவில்லை. ஒரு சிறு குழுவும் அம்புலன்ஸ் ஒன்றும் அங்கேயே இருந்தன. பழக்கத்தில் பழைய வாசலுக்கே வருகிறவர்கள் இருப்பார்கள் அல்லவா? வந்தார்கள்.

ஊருக்குச் சொன்ன விதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பத்திரிகை விளம்பரத்தை விட, தோட்டத் தொழிலாளர்கள் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் காலையில் சொன்னதும், கோயில் ஒலிபெருக்கியில் சொன்னதும், ஆட்டோ தரிப்பிடங்களில் நேரே போய்ச் சொன்னதும்தான் வேலை செய்தன. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து நோயாளியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆட்டோக்காரர்கள்தான். அவர்களைப் புதிய வாசலுக்கு அழைத்துவந்து எங்கே நிறுத்துவது, எந்தப் பக்கம் திரும்புவது என்று காட்டினோம். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவையின் குழுவுக்கும் அதே மாதிரி. கர்ப்பிணிகளுக்குக் குடும்பநல உத்தியோகத்தர்கள் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள்.

திறந்த சில வாரங்களுக்குள் உண்மையாகவே ஒரு லொறி நிறையப் பெண்கள் குளவிக்கொட்டோடு வந்தார்கள். மரமேடை பக்கவாட்டு வாசலில் தயாராக நின்றது. முதல் அட்ரினலின் ஊசி வரிசைப்படுத்தும் மேசையிலேயே போடப்பட்டது. எல்லோரும் வீடு திரும்பினார்கள். ஒத்திகையால்தான் என்று ஒரேயடியாகச் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. அன்று யாரும் சாவி தேடி ஓடவில்லை என்பதை மட்டும் நேரில் பார்த்தேன்.

இன்னும் முடியாத வேலை

வருடாந்த இடமாற்றம்தான் இந்த முயற்சிக்குப் பெரிய எதிரி. பயிற்சி பெற்ற தாதியரும் வைத்தியர்களும் கிளம்பிவிடுவார்கள். வருகிறவர்களுக்குக் கட்டடம் புதிது, மொழி புதிது, குளிர் புதிது. சிற்றூழியர்களும் காவலாளிகளும் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள், அவர்கள்தான் நிலைத்து நிற்பவர்கள். அதனால் புதிதாக வரும் எவரும், வைத்தியராக இருந்தாலும், முதல் நாள் ஒரு சிற்றூழியரோடு நடந்து வழிகளைப் பார்க்க வேண்டும் என்று வைத்திய அத்தியட்சகர் எழுத்தில் உத்தரவு போட்டிருக்கிறார். லொறி வாசல், சிவப்புப் பிளக், ஒட்சிசன் அடைக்கும் வால்வு, ஓட்டோகிளேவின் சிவப்புக் கோடு எல்லாவற்றையும் காட்டிய பிறகு சிற்றூழியர்தான் தாளில் கையெழுத்திட வேண்டும். சில வைத்தியர்களுக்கு முதலில் இது உறுத்தலாக இருந்தது. இப்போது பழகிவிட்டது.

அடுத்த ஒத்திகைக்கு மண்சரிவை எடுத்திருக்கிறோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்டதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையில் மலையகத்தில் எத்தனையோ வீதிகள் துண்டிக்கப்பட்டதையும் கண்டோம். நோயாளி வருவது ஒரு பக்கம் இருக்கட்டும், அடுத்த பணிமுறைக்கு வர வேண்டிய ஊழியர் வீதி இல்லாமல் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்களை யார் விடுவிப்பது, அவர்களுக்குச் சாப்பாடு எங்கிருந்து, டயலிசிஸ் நாளில் இருக்கும் நோயாளியை எந்தப் பக்கம் அனுப்புவது? இந்தக் கேள்விகளைத் தந்தவர் சமையலறைப் பொறுப்பாளர். ஒத்திகைக் குழுவில் இப்போது அவரும் இருக்கிறார்.